கோபாலன் கிண்ணமும் கோபாலனும்



இலங்கையில் கிரிக்கெட் ஆட்டத்தை ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் தொடர்ந்து கவனித்து வந்த பெரியவர் எவரையேனும் கண்டு, "கோபாலன் கிண்ணம் என்பது யாது?" என்று வினவிப் பாருங்கள். அவர் தயங்காமல் விடை கூறுவார். இலங்கை அணியும் சென்னை அணியும் சேப்பாக்கத்திலும் கொழும்பிலுமாக மாறி மாறி மோதிய போட்டி அது என்பார். இன்ன ஆண்டிலே இன்னார் இத்தனை ஓட்டம் எடுத்தார் என்றுகூடச் சொல்லத் தொடங்கிவிடுவார். அவரைச் சற்று நிறுத்தி, "அந்தக் கோபாலன் யார்?" என்று கேளுங்கள். அநேகமாக விடை வராது. கிண்ணம் வாங்கிக் கொடுத்த தனவந்தர் ஒருவராக இருக்கலாம் என்றோ, கிரிக்கெட் சங்கத்துத் தலைவராக இருந்தவர் என்றோ ஊகமாக ஏதாவது சொல்வார்.

அவர் தனவந்தருமல்லர், சங்கத் தலைவராகப் பெயர் எடுத்தவருமல்லர். பந்து வீசியவர். மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது முழுப்பெயர். சர்வதேச ஆட்டக் கணக்கிலே அவருடைய பெயருக்கு எதிரே உள்ள எண்கள் மிகச் சில. ஆடிய டெஸ்ட் ஒன்று. எடுத்த ஓட்டங்கள் 18. வீழ்த்திய விக்கெட் ஒன்று. இவ்வளவு சொற்பமான கணக்கை உடைய ஒருவரின் பெயரை இரண்டு நாடுகளுக்கிடையே ஆடப்பெற்ற கிண்ணத்துக்கு ஏன் சூட்டினார்கள் என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு சாதாரண ஆட்டக்காரனுடைய வாழ்வு எப்படி இருந்தது என்பதும் இந்தக் கதையினூடாகத் தெரியவரும்.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆந் திகதி செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கம் என்னும் கிராமத்திலே பிறந்தார் என்பது பதிவு. குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்தது. சென்னையை அறிந்த நேயர்களுக்கு இந்த இடத்தின் பொருத்தம் விளங்கும். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலைச் சுற்றிய குறுகிய வீதிகள் திருவல்லிக்கேணி. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சேப்பாக்கம் மைதானம். வீதியிலே பந்து எறிந்து விளையாடும் பையன்களின் காதிலே மைதானத்துக் கைதட்டல் விழக்கூடிய தூரம். ஆனால் அந்நாளிலே அந்தத் தூரத்தைக் கடப்பது எளிதன்று. சேப்பாக்கம் சென்னைக் கிரிக்கெட் கழகத்துக்கு உரியது. கழகமோ ஐரோப்பியருக்கு உரியது.

அந்தத் தடையை முதலில் அசைத்தவர் புச்சி பாபு நாயுடு. ஐரோப்பியர் அணிக்கு எதிராக ஆடவந்த இந்திய ஆட்டக்காரர்கள் மரநிழலிலே அமர்ந்து மதிய உணவு உண்ண நேர்ந்ததைக் கண்டு மனம் பொறாமல் அவர் இந்தியருக்கெனத் தனியாக ஒரு கழகம் அமைத்தார் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றிலே சொல்லப்படுகிறது. ஐரோப்பியரும் இந்தியரும் ஆண்டுதோறும் மோதும் மாகாணப் போட்டிக்கு வித்திட்டவரும் அவரே. போட்டி தொடங்கும் தறுவாயில் 1908ஆம் ஆண்டிலே அவர் காலமானது பெருந்துயரம். அதன்பின் அந்தப் போட்டி பொங்கலை ஒட்டி நடைபெறும் வழக்கம் உண்டாயிற்று. வீட்டிலே பொங்கிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடும் கூட்டம் அது. "பொங்கல் மேட்ச்" என்றே மக்கள் அதை அழைத்தார்கள்.

கோபாலனைக் கண்டெடுத்தவர் ஐரோப்பியர் அணியைச் சேர்ந்த சி. பி. ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். இவரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலே கிரிக்கெட் மாவட்டவாரியாக ஆடப்படுவது. அவ்வணிகளைக் கவுண்டி அணிகள் என்பார்கள். ஜோன்ஸ்டன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பயின்று, கென்ட் கவுண்டிக்காகச் சில பருவங்கள் ஆடியவர். இங்கிலாந்துக்காக ஒருநாளும் ஆடியதில்லை. தம் நாட்டிலே சிறிய ஆட்டக்காரர் என்று ஒதுக்கப்பட்ட அவர், பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பனி உத்தியோகத்திலே சென்னைக்கு வந்து, தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தூண்களில் ஒருவராகிவிட்டார். இளைஞன் கோபாலனுடைய பந்துவீச்சைப் பார்த்த ஜோன்ஸ்டன் அவருக்குத் தம் கம்பனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் கழகத்திலே சேர்வதற்கும் வழி செய்தார்.

வேலை என்று சொன்னேன். அந்தச் சொல்லைக் கடந்து போய்விடக் கூடாது. அக்காலத்து இங்கிலாந்திலே கவுண்டி ஆட்டக்காரரில் இரண்டு சாதி உண்டு. சம்பளம் வாங்கி ஆடுபவர் ஒரு சாதி. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்கள் மற்றச் சாதி. பல மைதானங்களிலே இரு சாராருக்கும் உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துள் இறங்கும் வாயிலும் வேறு. 1962ஆம் ஆண்டின் இறுதியிலேதான் இந்த வேற்றுமையை நீக்கத் தீர்மானித்தார்கள். சாதி வேற்றுமையைப் பற்றி நமக்கு உபதேசம் செய்ய வந்தவர்களின் வீட்டு நிலைமை இது! ஆயினும் அங்கே சம்பளம் வாங்கி ஆடும் ஏழைக்கு ஆட்டமே ஒரு தொழிலாக இருந்தது. இந்தியாவிலே அப்படியொரு தொழில் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளை கிரிக்கெட் ஆடவேண்டுமாயின், ஒரு மகாராஜாவின் அரண்மனையிலே சேவகம் பெற வேண்டும். அல்லது ஒரு கம்பனியிலே உத்தியோகம் பெற வேண்டும். கோபாலனுக்குக் கிடைத்தது இரண்டாவது. அவருக்குப் பந்தும் பசியாற்றும் சோறும் ஒரே கையால் கொடுக்கப்பட்டன. பின்னாளிலே அவர் செய்த ஒரு பெரிய தெரிவை எடைபோடும்போது இதை நாம் மறந்துவிடலாகாது.

1926-27 பருவத்திலே, பதினெட்டு வயது நிரம்புமுன்பே, அவர் முதல்தர ஆட்டத்திலே கால்வைத்தார். வலக்கையால் மிதவேகத்துக்குச் சற்று மேலான விரைவிலே வீசி, புதுப்பந்தைக் காற்றிலே வளைப்பவர்; துடுப்பைக் கையிலே எடுத்தால் தயக்கமின்றி அடித்தாடுபவர். அன்றைய இந்தியாவிலே வேகப்பந்து என்றால் எல்லோர் வாயிலும் இரண்டு பெயர்களே இருந்தன. ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த முகமது நிசார். மற்றவர் கத்தியவாரைச் சேர்ந்த அமர் சிங். இவ்விருவரும் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றிலேயே தலைசிறந்த வேகப்பந்து இணைகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுபவர்கள். மூன்றாவது ஆளாக நிற்பதே கோபாலனுக்கு விதிக்கப்பட்ட இடம். இருவர் இருக்கும்போது மூன்றாமவர் எவ்வளவு நன்றாக வீசினாலும், அவர் முறை வரக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த முறை 1934ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே வந்தது. டக்ளஸ் ஜார்டின் தலைமையிலே இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. பம்பாயிலே முதல் டெஸ்ட் முடிந்து, இரண்டாவது டெஸ்ட் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்திலே 5ஆந் திகதி தொடங்கிற்று. சி. கே. நாயுடு இந்திய அணித் தலைவர். அந்த ஆட்டத்திலே இந்தியாவுக்காக முதன்முதல் ஆடியவர்களுள் முஷ்டாக் அலி ஒருவர், திலாவர் ஹுசேன் ஒருவர், நம் கோபாலன் ஒருவர். இங்கிலாந்து 403 ஓட்டங்கள் எடுத்தது. இந்தியா 247 ஓட்டங்களோடு முடிந்து, தொடர்ந்து மீண்டும் ஆடவேண்டியதாகி, 237 எடுத்துத் தோல்வியிலிருந்து தப்பியது. தலையிலே அடிபட்டும் கட்டுடன் வந்து இரண்டு இன்னிங்ஸிலும் அரைச்சதம் எடுத்த திலாவர் ஹுசேன்தான் அந்த ஆட்டத்தின் வீரர். கோபாலன் முதல் இன்னிங்ஸிலே ஆட்டமிழக்காமல் 11, இரண்டாவதிலே 7. பந்துவீச்சிலே 39 ஓட்டம் கொடுத்து ஒரு விக்கெட். மோசமான தொடக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. வியந்து பேசத்தக்கது என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது டெஸ்ட் அடுத்த மாதம் 10ஆந் திகதி எங்கே தொடங்கிற்று என்று நினைக்கிறீர்கள்? சேப்பாக்கத்திலே! சென்னையிலே ஆடப்பெற்ற முதலாவது டெஸ்ட் அது. திருவல்லிக்கேணியிலே வளர்ந்த பிள்ளை, தான் நடந்தே போய்ச் சேரக்கூடிய மைதானத்திலே, தன் ஊரார் முன்னிலையிலே ஆடும் வாய்ப்பு அது. ஆனால் இந்திய அணியிலே அவர் பெயர் இல்லை. கல்கத்தாவிலே ஆடவைத்தவர்கள் சென்னையிலே வைத்து அவரை நீக்கிவிட்டார்கள். தேர்வாளர்களின் மனத்தை அறிவது மழைமேகத்தின் மனத்தை அறிவதைப் போன்றது. வன்னியிலே பயிர் செய்கிறவர்களுக்கு நான் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டின் இறுதியிலே அதே சேப்பாக்கம் அவருக்கு வேறொரு பெருமையைக் கொடுத்தது. இந்திய மாகாணங்களுக்கிடையே ரஞ்சிக் கிண்ணப் போட்டி புதிதாக ஏற்படுத்தப்பட்டது. அதன் முதலாவது ஆட்டம் 1934 நவம்பர் 4ஆந் திகதி சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. ரஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற் பந்தை வீசியவர் கோபாலன்; எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ். ஆட்டம் ஒரே நாளிலே முடிந்துவிட்டது என்பது இன்னொரு விந்தை. மைசூர் 48, சென்னை 130, மீண்டும் மைசூர் 59. பொழுது சாயுமுன் எல்லாம் தீர்ந்தது. அன்று 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம் சிங். சென்னையிலே வாழ்ந்த சீக்கியரான அவர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டிலும் ஆடியதில்லை. அவருடைய மக்கள் இருவர் பின்னாளிலே டெஸ்ட் ஆடினார்கள். அவரோடு ஒப்பிட்டால் நம் கோபாலன் அதிர்ஷ்டசாலி என்றுகூடச் சொல்லலாம்.

இதுவரை நான் சொன்னது பாதிக் கதையே. கோபாலனுக்கு இன்னொரு கையும் இருந்தது; அந்தக் கையிலே ஹொக்கி மட்டை இருந்தது.

இந்தியாவின் ஹொக்கி அந்நாளிலே உலகத்துக்கு எட்டாத உயரத்திலே நின்றது. 1928இல் அம்ஸ்ரடாமிலும் 1932இல் லொஸ் ஏஞ்சலிஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள் அவர்கள். கிரிக்கெட்டிலே இந்தியா வெற்றி என்பதையே அறியாத காலத்தில், ஹொக்கியிலே அது தோல்வி என்பதை அறியாமல் இருந்தது. அத்தகைய அணியிலே 1935ஆம் ஆண்டு நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குக் கோபாலன் தெரிவானார். அணித் தலைவர் தியான் சந்த். இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலே மொத்தம் 48 ஆட்டங்கள், 48இலும் வெற்றி. போட்ட கோல்கள் 584, வாங்கியவை 40. அந்த 584இலே 201 தியான் சந்தினுடையவை. இந்த எண்களைச் சொல்லும்போது கேட்பவர்கள் நம்ப மறுக்கிறார்கள்; எழுதியதைக் காட்டினாலும் அச்சுப்பிழை என்கிறார்கள். அந்தப் பயணத்தின் அணியிலே கோபாலனும் ஒருவர் என்பதை மனத்திலே இருத்திக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு வருவோம்.

1936ஆம் ஆண்டு கோடைக்காலத்திலே இரண்டு கப்பல்கள் இந்தியாவிலிருந்து புறப்படவிருந்தன. ஒன்று இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணியைக் கொண்டு செல்வது. மற்றது பேர்லின் ஒலிம்பிக்குக்கு ஹொக்கி அணியைக் கொண்டு செல்வது. இரண்டிலும் இடம் பெறத்தக்க நிலையிலே கோபாலன் இருந்தார். இரண்டிலும் ஒருங்கே ஏற முடியாது. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

என்ன நடந்தது என்பதைச் சுருங்கச் சொல்கின்றேன். கிரிக்கெட் அணிக்கு விஜயநகரம் மகாராஜகுமார் தலைவரானார். விசாகப்பட்டினத்தை அடுத்த விஜயநகரச் சமஸ்தானத்தைச் சேர்ந்த இவருக்கு ஆட்டத்திலே அன்பு மிகுதி, செல்வம் அதனினும் மிகுதி, ஆற்றலோ குறைவு. அணி இரண்டு கட்சிகளாகப் பிளந்தது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்னரே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரிலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளிலும் மகாராஜகுமார் தாமே தலைமை வகித்து, மொத்தம் 33 ஓட்டங்கள் எடுத்தார். அந்தக் கோடையிலே 'சர்' பட்டமும் பெற்றார். நாடு திரும்பிய பின் பம்பாய் உயர்நீதிமன்றத்துப் பிரதம நீதியரசர் போமொன்ட் தலைமையில் ஒரு குழு விசாரணை நடத்தி, களத்திலே ஆட்களை நிறுத்தவும் பந்துவீச்சாளரை மாற்றவும் அறியாதவர் அணியை நடத்தினார் என்று கண்டித்தது.

கோபாலன் அந்தப் பயணத்திலே ஒரு டெஸ்டிலேனும் ஆடவில்லை. நிசார் இருந்தார், லங்காஷயர் கழகமொன்றிலே ஆடிக்கொண்டிருந்த அமர் சிங்கும் வரவழைக்கப்பட்டார்; அவர்கள் இருவரும் ஆடியதிலே யாரும் குறை காண முடியாது. ஆனால் மூன்றாவது டெஸ்டிலே பக்கா ஜீலானி என்ற மிதவேகப் பந்துவீச்சாளருக்கு இடம் கிடைத்தது. காலை உணவு வேளையிலே சி. கே. நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசு அது என்று ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. ஜீலானியைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. ரஞ்சிக் கிண்ணத்திலே முதன்முதல் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் வீழ்த்தியவர் அவர். அத்தகையவருக்கே தம் ஒரேயொரு டெஸ்ட் இப்படிப்பட்ட கதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்றால், அந்தப் பயணத்தின் நிலைமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்திலே தொடங்கிய நாள் 1936 ஓகஸ்ட் 15. பேர்லினிலே ஹொக்கி இறுதியாட்டம் நடந்த நாளும் அதுவே. முன்னாள் நடைபெறவேண்டிய ஆட்டம் மழையினால் தள்ளிப்போய் இந்த நாளிலே வந்து பொருந்திற்று. பேர்லினிலே தியான் சந்தின் அணி ஜேர்மனியை எட்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது. ஓவலிலே இங்கிலாந்தின் ஹமண்டும் வேர்திங்டனும் சதத்தின் மேல் சதமாக இந்தியப் பந்துவீச்சை அடித்து நொறுக்கினார்கள். ஹமண்ட் எடுத்தது 217. அன்று கோபாலன் பேர்லினிலும் களத்தில் இல்லை, ஓவலிலும் களத்தில் இல்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து இதே ஓகஸ்ட் 15 இந்தியாவின் சுதந்திர தினமாயிற்று என்பது தனிக் கதை.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வது, "பாவம், பிழையான தெரிவு செய்துவிட்டார்" என்பதே. கோபாலனைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடு அவரை முடித்துவிடுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கின்றேன்.

முதலாவதாக, அவர் அறியாமல் செய்தார் என்று வாதிட நான் வரவில்லை. ஹொக்கியிலே தங்கம் கிடைக்கும் என்பது முன்பே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அணியோடு 48 ஆட்டங்களின் பயணத்திலே கலந்துகொண்டவருக்கு அது தெரியாதிருக்குமா? ஆனால் அந்நாளிலே ஒலிம்பிக் தங்கம் என்றால் என்ன? இன்று ஒருவர் பதக்கம் வென்று விமானத்திலிருந்து இறங்கினால், அரசாங்கம் வீடு கொடுக்கிறது, பணமுடிப்புக் கொடுக்கிறது, உத்தியோகமும் கொடுக்கிறது. 1936இலே பதக்கத்தோடு வந்தவர் மறுநாள் தம் பழைய வேலைக்கே போனார். தியான் சந்தே இராணுவத்திலே கீழ்நிலைப் பதவியிலிருந்து படிப்படியாகத்தான் உயர்ந்தார். கோபாலனுக்கோ வேலை வந்த வழியே கிரிக்கெட். அவரைத் தூக்கிவிட்டவர்கள் கிரிக்கெட்காரர்கள். ஒரு டெஸ்ட் ஆடி, சொந்த ஊரிலே நீக்கப்பட்டு, இரண்டாவது வாய்ப்புக்காக இரண்டு ஆண்டு காத்திருந்த இருபத்தேழு வயது இளைஞன், அந்த வாய்ப்பு கப்பல் வடிவிலே வந்து நிற்கும்போது அதை விட்டுவிட்டு வேறு கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று சொல்வது, முடிவைத் தெரிந்துகொண்ட பின்னர் சொல்லும் புத்தி.

இரண்டாவதாக, தெரிவு செய்தவர் மீது பழி போடும்போது, தெரிவு செய்யப்பட்டவரை வீணாக்கியவர்கள் தப்பிவிடுகிறார்கள். கோபாலனை ஐந்து மாதம் இங்கிலாந்துக்குக் கூட்டிச் சென்று, ஒரு டெஸ்டிலும் ஆடவிடாமல் திருப்பிக் கொண்டுவந்தது கோபாலனுடைய பிழையன்று.

ஒரு பாடசாலை அதிபராக இருப்பதாலே இந்த விடயம் எனக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக உறுத்துகிறது. எங்கள் ஜெயபுரத்திலும் பூநகரிப் பிரதேசத்து ஏனைய பாடசாலைகளிலும் பிள்ளைகளின் தொகை குறைவு. ஆகவே நன்றாக ஓடுகிற பிள்ளையே உதைபந்தாட்டத்திலும் இருப்பான், கரப்பந்தாட்டத்திலும் இருப்பான், அறுவடை முடிந்த வயலிலே மென்பந்துக் கிரிக்கெட்டும் ஆடுவான். வலயமட்டப் போட்டிகள் இரண்டு ஒரே நாளிலே வந்துவிட்டால், "சேர், எதுக்குப் போறது?" என்று வந்து நிற்பான். ஆசிரியர்கள் தங்களுக்குள்ளே வாதாடுவார்கள். அவன் ஒன்றைத் தெரிந்து அதிலே தோற்று வந்தால், மற்றதற்குப் போயிருக்கலாமே என்று அவனிடமே சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். அவர்களிடம் நான் கோபாலனின் கதையைச் சொல்வதுண்டு. ஆனால் பேர்லினோடு நிறுத்துவதில்லை.

கோபாலனோடு அதே பயணத்துக்குச் சென்னையிலிருந்து போன இன்னொருவரையும் இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. அவர் கோட்டா ராமசுவாமி. முன்னே சொன்ன புச்சி பாபுவின் மகன். அவரும் இரண்டு ஆட்டங்களிலே இந்தியாவுக்கு ஆடியவர். 1922ஆம் ஆண்டிலேயே டேவிஸ் கிண்ணத்து டென்னிஸிலே ஆடியிருந்தார். அவருக்கு 1936இலே வயது 40. மன்செஸ்டர் டெஸ்டிலே 40உம் 60உம், ஓவலிலே 29உம் ஆட்டமிழக்காமல் 41உம் எடுத்தார். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு டெஸ்ட் கிடைத்து அவர் திறம்பட ஆடினார்; இருபத்தேழு வயதுக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ராமசுவாமி 1985ஆம் ஆண்டிலே தம் முதுமையில் ஒருநாள் வீட்டை விட்டு வெளியே சென்றவர் திரும்பி வரவேயில்லை.

ஓவல் ஆட்டத்துக்குப் பின்னர் இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 1946 ஜூன் மாதத்திலேதான் நடந்தது. இடையே உலகம் போரிலே மூழ்கிக் கிடந்தது. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரு பந்துவீச்சாளனின் இருபத்தேழாம் வயதிலிருந்து முப்பத்தேழாம் வயதுவரை. தோளிலே வலுவும் தலையிலே அனுபவமும் சேர்ந்து நிற்கும் காலம். இங்கிலாந்திலும் எத்தனையோ கவுண்டி ஆட்டக்காரர்களின் கணக்கு 1939ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சிலர் போரிலிருந்து திரும்பவேயில்லை. கோபாலனுடைய டெஸ்ட் கணக்கு ஒன்றோடு நின்றதற்குத் தேர்வாளர்கள் பாதிக் காரணம் என்றால், ஹிட்லர் மீதிக் காரணம்.

ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. இங்கேதான் நான் பேர்லினைக் கடந்து வரும் இடம். பர்மா ஷெல் உத்தியோகம், சென்னை அணி, பொங்கல் மேட்ச், திருவல்லிக்கேணிக் கழகம் என்று அவர் ஆடிக்கொண்டே இருந்தார். சென்னை அணிக்குத் தலைமையும் வகித்தார். 1951-52 பருவம்வரை முதல்தர ஆட்டங்களிலே ஆடி, ஏறத்தாழ இருநூறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். தொடங்கியது 1926-27; முடித்தது 1951-52; கால் நூற்றாண்டு! வேகப்பந்து வீசுபவனுடைய முழங்காலும் கணுக்காலும் படும்பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த இருபத்தைந்து ஆண்டின் பொருள் தெரியும். ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையிலான பொங்கல் மேட்சும் ஏறத்தாழ அதே காலத்திலே முடிவுக்கு வந்தது. ஆளும் சாதி ஊருக்குப் போன பின்னர் அந்தப் போட்டிக்கு வேலை இல்லை.

அந்த இருபத்தைந்து ஆண்டு நிறைவைக் கொண்டாடும் முகமாகவே சென்னையிலே அவர் பெயரால் ஒரு கிண்ணம் ஏற்படுத்தி, அதற்காக ஆட இலங்கையை அழைத்தார்கள். 1952-53 பருவத்திலே முதல் ஆட்டம். இப்போது நேயர்களுக்குக் கிண்ணத்தின் பெயர் விளங்கியிருக்கும். ஆயினும் அந்தக் கிண்ணம் நமக்கு என்ன செய்தது என்பதையும் சொன்னாலன்றி இந்தப் பேச்சு நிறைவுறாது.

இலங்கைக்கு அக்காலத்திலே டெஸ்ட் அந்தஸ்து இல்லை. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் கொழும்பிலே தங்கும் ஒரு நாளிலே, அந்த நாட்டு அணிகள் இறங்கி வந்து ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மாலையிலே கப்பலேறிப் போய்விடும். 1948ஆம் ஆண்டு பிரட்மனின் அணி அவ்வாறு வந்தபோது, ஆடுகளத்தை அளந்து பார்த்ததில் இரண்டு யார் குறைவாக இருந்ததாம்! அன்று இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டு சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்துச் சென்னை ரசிகர்களைப் பித்தாக்கியவர் அவர். அந்த இன்னிங்ஸைப் பற்றிச் சென்னைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசினார்கள். அத்தகைய திறமைசாலிகள் இருந்தும், நாட்கணக்கில் நின்று ஆடும் ஆட்டங்களைப் பழகுவதற்கு இலங்கைக்கு வழி அரிதாக இருந்தது.

கோபாலன் கிண்ணம் அந்தக் குறையை ஓரளவு நீக்கியது. ஏறத்தாழ ஆண்டுதோறும், 1970களின் நடுப்பகுதிவரை, நம் ஆட்டக்காரர் ஒரு முதல்தர அணியோடு நாட்கணக்கில் மோதும் வாய்ப்பு அதனால் உறுதியாயிற்று. பெரிய நாடுகள் நம்மை வழியில் தென்படும் ஒரு துறைமுகமாக எண்ணிய காலத்திலே, சென்னைக்காரர்கள் நம்மைச் சமமான எதிரியாக எண்ணி அழைத்தார்கள், தோற்றும் போனார்கள். இலங்கை 1965ஆம் ஆண்டிலே சர்வதேச அமைப்பின் இணை உறுப்பு நாடாகி, 1981இலே டெஸ்ட் அந்தஸ்துப் பெற்று, 1982 பெப்ரவரியிலே கொழும்பு சரவணமுத்து மைதானத்திலே தன் முதல் டெஸ்டை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. பின்னாளிலே அந்தக் கிண்ணத்தை இடையிடையே சில ஆண்டுகள் மீண்டும் ஆடினார்கள். ஆனால் அதன் பொற்காலம் முந்தியதே.

கோபாலன் பிற்காலத்திலே இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். தேர்வாளர்களால் ஒதுக்கப்பட்டவர் அதே ஆசனத்திலே அமர்ந்தபோது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசைதான். 1982 செப்டெம்பரிலே இலங்கை அணி இந்திய மண்ணிலே தன் முதலாவது டெஸ்டை ஆடியது. இடம் சேப்பாக்கம். துலிப் மென்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கோபாலனை 1934இலே சேர்த்துக்கொள்ளாத அதே மைதானத்துக்கு, அவர் பெயர்க் கிண்ணத்திலே ஆடிப் பழகிய நாடு டெஸ்ட் அணியாக வந்து நின்றது. அப்போது அவருக்கு வயது 73.

அதன்பின் இருபத்தோராண்டுகள் அவர் வாழ்ந்தார். 2003 டிசெம்பர் 21ஆந் திகதி சென்னையிலே காலமானபோது அவருக்கு வயது 94. அன்றைய தினத்திலே உலகத்தில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர் அனைவரிலும் மூத்தவர் அவரே.